மறைத்த குற்றமும் உரைத்த குற்றமும்

(கும்பாபிஷேக விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



காஞ்சி மாநகரம் கோயில்களின் நகரம். தறிகளின் நகரமும் அதுவே. ஒரு வீதியில் மணியோசை எழும்போது அடுத்த வீதியில் தறியோசை எழுவதை இவ்வூரார் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே பாவம் என்னும் அரிய பொருளைப் பற்றிய இவ்வுரையைத் தறியிலிருந்தே தொடங்குவது பொருத்தமாகும்.

பட்டுப் புடவையின் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்று அறுந்துவிட்டால் கைதேர்ந்த நெசவாளர் உடனே தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடி எடுத்துப் பிணைப்பார். பிறகே நாடாவை எறிவார். அதற்கு ஆகும் காலம் மிகச் சிறிது. அறுந்ததைக் கண்டும் காணாதவர் போல மேலே நெய்துகொண்டே போனால் என்ன ஆகும்? அந்த ஓரிழையின் இடம் வெற்றுக் கோடாக நீண்டுகொண்டே போகும். நெய்த துணியோ மரத்தில் சுருண்டு சுருண்டு உள்ளே மறையும். குறை கண்ணுக்குத் தெரியாமற் போயிற்றே தவிர இல்லாமற் போகவில்லை. புடவையை எடுத்து ஒளியில் விரிக்கும் நாளில் அது முழு நீளத்துக்கும் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மனித வாழ்விலும் பிழை நேர்வது ஒன்று. நேர்ந்த பிழையைச் சுருட்டி மறைப்பது மற்றொன்று. முன்னதற்குப் பரிகாரம் உண்டு. பின்னதற்கோ, மறைப்பு நீங்கும் வரையில், எந்தப் பரிகாரமும் சென்று சேர வழியில்லை. இவ்வுண்மையை இக்கச்சி நகரின் வரலாறுகளே எவ்வளவு தெளிவாகக் காட்டுகின்றன என்பதைச் சிறிது சிந்திப்போம்.

பாவத்தின் இயல்பு

பாவம் இன்னதென்று வகுத்துக் காட்டிய தமிழ்ப் பெருங்காப்பியங்களுள் ஒன்று மணிமேகலை. அதன் தலைவி பசிப்பிணியால் வாடிய காஞ்சிக்கு வந்து அமுதசுரபியால் உயிர்களைக் காத்தாள்; அறவண அடிகளிடம் அறம் கேட்டதும் இந்நகரில்தான். அக்காப்பியம் தீவினையைப் பத்தாகப் பகுக்கிறது. கொலை, களவு, காமம் என்பன உடலால் வருவன மூன்று. பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என்பன சொல்லால் வருவன நான்கு. வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என்பன உள்ளத்தால் வருவன மூன்று. இப்பத்தினுள் ஊரார் காணவும் கேட்கவும் கூடியவை ஏழு. உள்ளத்தின் மூன்றையும் செய்தவன் ஒருவனே அறிவான். அவனும் பல வேளைகளில் அறிய விரும்பமாட்டான்.

அறிய விரும்பாமை எங்கிருந்து வருகிறது? சைவ சித்தாந்தம் இதற்கு ஆழ்ந்த விடை கூறுகிறது. உயிரைப் பற்றிய மூலமலத்துக்கு ஆணவம் என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இதனைப் புற இருளோடு ஒப்பிட்டு வேறுபடுத்துகிறார். புற இருள் பிற பொருள்களை மறைத்தாலும், ‘இங்கே இருள் இருக்கிறது’ என்று தன்னையேனும் காட்டும். ஆணவமோ பொருளையும் மறைக்கும். தான் மறைப்பதையும் மறைக்கும். குற்றம் செய்தவன் தன்னைக் குற்றமற்றவனாகவே மனமார நம்பிக்கொள்ளும் விந்தைக்குக் காரணம் இதுவே. அந்த இருளில் விழும் முதற் கீற்று, ‘பிழை என்னுடையது’ என்னும் ஒரு சொல். அச்சொல் பிறந்த இடத்தில் ஆணவம் ஓரடி பின்வாங்குகிறது.

ஏகம்பத்தில் திறந்த கண்

இச்சொல் பிறப்பது எத்துணை அரிது என்பதற்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றைவிடச் சிறந்த சான்று வேறில்லை. இறைவனையே தோழனாகப் பெற்றவர் அவர். திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்தவர், தொண்டைநாட்டுத் தலங்களை வணங்கித் திருவொற்றியூரை அடைந்தபோது, அங்கே திருத்தொண்டு புரிந்துவந்த சங்கிலியாரைக் கண்டு காதல் கொண்டார். தோழராகிய சிவபெருமானிடமே தம் விருப்பத்தைத் தெரிவித்தார். ‘பிரியேன்’ என்று சபதம் செய்து தரவேண்டும் என்பது நிபந்தனையாயிற்று.

பல தலங்களுக்கும் செல்லும் இயல்புடைய நாவலூரர் ஒரு சூழ்ச்சி செய்தார் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். சங்கிலியார் சபதம் கேட்கச் சந்நிதிக்கு வருவார். அந்த வேளையில் இறைவன் சந்நிதியை விட்டு மகிழமரத்தின் கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும். அப்போது சந்நிதியில் செய்யும் சபதம் தம்மைக் கட்டாது என்பது அவர் எண்ணம். இறைவனும் இசைந்தார். இசைந்தவர், சங்கிலியாரிடம் மகிழமரத்தின் கீழேயே சபதம் கேட்கும்படி உணர்த்திவிட்டார்! தப்பும் வழியில்லாத நாவலூரர் மகிழின் கீழ் நின்று சபதம் செய்தார், மணம் நிகழ்ந்தது.

வேனிற்காலம் வந்தது. தென்றல் வீசியது. திருவாரூரின் வசந்தவிழா நினைவுக்கு வந்தது. தோழரைக் காணும் வேட்கையில் அவர் ஒற்றியூரின் எல்லையைத் தாண்டினார். தாண்டிய அக்கணமே இரு கண்களும் ஒளியிழந்தன.

அவர் செய்த பிழை எது என்று அன்பர்கள் ஆழ்ந்து எண்ணவேண்டும். ஆரூரை நினைத்தது பிழையன்று, அது பக்தி. வாய் ஒரு சொல்லைச் சொல்லும்போதே உள்ளம் அதிலிருந்து நழுவும் வழியைத் தேடி வைத்திருந்தது. அங்கேதான் இழை அறுந்தது. எல்லை தாண்டியது, அறுந்த இழை வெளிப்பட்ட நாள். சொல்லுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைக்கும் இடைவெளியே பாவத்தின் பிறப்பிடம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

கண்ணிழந்த பிறகு அவர் செய்ததுதான் அவரது பெருமை. ‘ஊழ்’ என்று பழியை வேறெங்கும் ஏற்றவில்லை. சூழ்ச்சிக்கு இசைந்த தோழர்மீதும் பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. சபதம் பிறழ்ந்ததை உணர்ந்து, பாடிக்கொண்டே நடந்தார். வடதிருமுல்லைவாயிலில் பாடினார், திருவெண்பாக்கத்தில் பாடினார். வெண்பாக்கத்தில் கிடைத்தது கண் அன்று, ஊன்றுகோல். ஊன்றுகோலை அருளியதன் குறிப்பும் எண்ணத்தக்கது. பிழையை ஒப்புக்கொண்டவனுக்கு முதலில் கிடைப்பது நடப்பதற்கு வேண்டிய துணை. பார்வை பிறகு வரும். கோலை ஊன்றித் திருவாலங்காட்டு எல்லையையும் வணங்கிக் கொண்டு அவர் கச்சியை அடைந்தார்.

காமகோட்டத்தைத் தொழுது திருவேகம்பத்தின் முன் நின்று, கடையனாகிய தம்மிடம் எழுந்த பிழையைப் பொறுத்துக் கண்ணளிக்குமாறு வேண்டினார். இடக்கண் ஒளி பெற்றது. அக்கணத்தில் அவர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. அதில் முறையீடு இல்லை. ஏகம்பனைக் காணக் கண் பெற்ற வியப்பு ஒன்றே பாடல்தோறும் திரும்பத் திரும்ப நிறைந்து வழிகிறது. வலக்கண்ணோ திருவாரூரில்தான் கிடைத்தது. கச்சியிலிருந்து ஆரூர் வரையில் அவர் ஒரு கண்ணோடு நடந்தார். பிழையை உரைத்த மாத்திரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுவதில்லை. பாதி ஒளியோடு மீதி வழியை நடக்கவேண்டும். அந்த நடையும் அருளின் ஒரு பகுதியே.

கல்லிலிருந்து நீண்ட கை

சுந்தரர் வழியில் வந்து கண் பெற்ற இதே நகரில் வாழ்ந்தவர் திருக்குறிப்புத் தொண்ட நாயனார். ஆடை வெளுக்கும் ஏகாலியர் மரபினர். அடியார்களின் குறிப்பறிந்து அவர்கள் ஆடையை வெளுத்துக் கொடுப்பதே அவருடைய தொண்டு. குளிர்காலத்தில் ஒரு நாள், மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாக ஓர் அடியார் வந்தார். கந்தையை வெளுத்து உலர்த்தி மாலைக்குள் தரவேண்டும். தராவிட்டால் குளிரால் இவ்வுடலுக்குக் கேடு விளையும் என்றார். தொண்டர் வாக்களித்தார். வெளுத்து முடித்து உலர்த்தும் வேளையில் பெருமழை பிடித்துக்கொண்டது. மாலையும் வந்தது, மழை விடவில்லை.

தொண்டர் செய்த பிழை எது? ஒன்றுமில்லை, பெய்தது வானம். ஆயினும் ஓர் அடியார் தம் சொல்லை நம்பிக் குளிரில் நடுங்குகிறாரே என்னும் எண்ணம் அவர் நெஞ்சைப் பிளந்தது. துணி வெளுக்கும் கற்பாறையில் தம் தலையை மோதத் துணிந்தார். அந்தப் பாறையிலிருந்தே ஒரு திருக்கை தோன்றி அவரைப் பிடித்துக்கொண்டது.

ஒரே நகரில் தொடர்புடைய இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் தப்பும் எண்ணத்தோடு வாக்குக் கொடுத்தார். மற்றவர் காக்கும் எண்ணத்தோடு கொடுத்த வாக்கு மழையால் தவறிற்று. முன்னது குற்றம், பின்னது இயலாமை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல், செய்யாத பிழைக்கும் தம்மையே வருத்திக்கொண்டு வாழ்நாளைக் கழிக்கும் மென்மனத்தார் பலர் உண்டு. அவர்களுக்கு இவ்வரலாறு கூறும் ஆறுதல் பெரிது. இறைவன் தன்னை நோகடித்துக்கொள்ளும் தண்டனையை விரும்புவதில்லை. அதைத் தடுக்கவே கையை நீட்டுகிறான். பிழை இருப்பின் அதை உரைத்துத் திருத்துக. இல்லையாயின் அவன் கையைப் பற்றி எழுக. தன்னை அழித்துக்கொள்வது எந்நிலையிலும் பரிகாரம் ஆகாது.

யாரிடம் உரைப்பது?

பிழையை ஒப்புக்கொள்வது எல்லாச் சமயங்களும் உணர்ந்த நெறி. புத்த பிக்குகள் உபோசத நாளில் விதிகளை ஓதுமுன் தத்தம் குறைகளை உரைப்பர். சமணர் ‘பிரதிக்கிரமணம்’ என்று செய்த பிழையினின்று மீளும் நோன்பை வகுத்தனர். கத்தோலிக்கக் கிறித்தவர் ‘பாவசங்கீர்த்தனம்’ என்று குருவின் முன் உரைப்பர். காஞ்சித் தூப்புலில் தோன்றிய வேதாந்த தேசிகர் விளக்கிய சரணாகதி நெறியில் ‘கார்ப்பண்யம்’ ஓர் அங்கம். தனக்கு வேறு கதியில்லை, தன்னிடம் தகுதி ஒன்றுமில்லை என்று செருக்கை விட்டு நிற்பதே அதன் பொருள்.

இறைவனிடம் உரைப்பது எளிது. அவன் முன்பே அறிந்தவன். தீங்கிழைக்கப்பெற்றவரிடம் சென்று உரைப்பதே கடினம். இதிலும் காஞ்சிக்கு ஒரு பெரும் வரலாறு உண்டு. இராமாநுசருக்கு வேதாந்தம் பயிற்றிய யாதவப்பிரகாசர், மாணவரின் அறிவொளியைப் பொறாமல், கங்கை யாத்திரையில் அவரை அழிக்கச் சூழ்ந்தார் என்று வைணவக் குருபரம்பரை கூறும். அச்சூழ்ச்சியினின்று தப்பிய இராமாநுசர் கச்சிக்கு மீண்டார். காலம் சென்றது. முதுமையில் மனம் மாறிய யாதவப்பிரகாசர், தாம் அழிக்க எண்ணிய அதே மாணவரின் அடிகளில் வந்து பணிந்து, அவரைக் குருவாகக் கொண்டு கோவிந்த ஜீயர் ஆனார். துறவியர் ஒழுக்கத்தைத் தொகுக்கும் ‘யதிதர்ம சமுச்சயம்’ அவர் பெயரால் இன்றும் நின்று நிலவுகிறது. வரதனின் சந்நிதியில் மறைவாக வேண்டிக்கொண்டு அவர் வாளா இருந்திருக்கலாம். ஆசிரியர் என்னும் உயர்ந்த இருக்கையிலிருந்து இறங்கி வந்து மாணவரின் முன் நின்றதே அவர் செய்த பிராயச்சித்தம்.

சுந்தரர் வரலாற்றின் பிற்பகுதியும் இதையே வற்புறுத்துகிறது. திருவாரூரில் இறைவன் வலக்கண்ணையும் தந்துவிட்டான். இறைவன் அளவில் கணக்கு முடிந்தது. ஆனால் பரவையாரின் கதவு திறக்கவில்லை. ஒற்றியூரில் நிகழ்ந்ததைக் கேட்டு நெஞ்சு புண்பட்டிருந்தார் அவர். அப்போது இறைவன், ‘யாமே மன்னித்தோம், நீ யார் மறுப்பதற்கு?’ என்று பரவையாருக்கு ஆணையிடவில்லை. நள்ளிரவில் தானே தூதனாகி ஆரூர் வீதியில் நடந்தான். அருச்சகர் வடிவில் சென்றபோது பரவையார் மறுத்ததால், மறுபடியும் சென்றான். புண்பட்ட ஒரு பெண்ணின் மனம் ஆறவேண்டும் என்பதற்காகக் கடவுள் இருமுறை வாயிலில் நின்றார் என்றால், மனிதர் மனிதரிடம் சென்று நிற்பதற்கு வெட்கப்படலாமா?

இக்காலத்துச் சான்று ஒன்றும் கூறலாம். காந்தியடிகள் ஏறத்தாழப் பதினைந்து வயதில், கடனை அடைப்பதற்காகத் தமையனாரின் கைக்காப்பிலிருந்து சிறிது பொன்னைத் திருடினார். உள்ளம் உறுத்தியது. பிழையை ஒரு தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நோய்ப்படுக்கையில் இருந்த தந்தையாரிடம் கொடுத்தார். தந்தையார் படித்தார், அவர் கண்ணீர் தாளை நனைத்தது, தாளைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரே தம்மைக் கழுவியதென்று அடிகள் தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் ஒரு நாட்டையே வாய்மையின்பால் நடத்திய உள்ளத்துக்கு அந்தத் தாள்தான் முதற் பயிற்சி.

கொடையும் கடனும்

திருப்பணிச் செல்வர்கள் கூடியிருக்கும் இந்நாளில் ஒன்றை மறைக்காமல் கூறுவது கடமையாகிறது. கோயிலுக்குக் கொடுப்பது பெரும் புண்ணியம், அதில் ஐயமில்லை. ஆனால் கொடை, உரைக்கப்படாத குற்றத்துக்கு விலையாகுமா? மனு ஸ்மிருதியின் பதினோராம் அத்தியாயம் பாவம் நீங்கும் வழிகளை வரிசைப்படுத்தும்போது, பிழையை வெளிப்பட உரைப்பதை முதலிலும், அதற்காக வருந்துவதை அடுத்தும், தவத்தையும் ஓதுதலையும் பிறகும் வைக்கிறது. தானம் கடைசியில் வருகிறது. அதுவும் மற்றவற்றுக்கு இயலாத இக்கட்டில் உரியதாக.

இவ்வூருக்கு உரிய எடுத்துக்காட்டாகவே கூறலாம். காஞ்சிப்பட்டு என்னும் பெயரை நம்பி எங்கோ ஒரு தாய் தன் மகளின் திருமணத்துக்குப் புடவை வாங்குகிறாள். வெள்ளி இழையில் பொன்முலாம் பூசிய சரிகை என்று சொல்லிப் போலிச் சரிகையை அவளிடம் விற்றால், அந்தப் பிழை அவளோடு நிற்பதில்லை. 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இந்நகரின் பெயரே, தலைமுறை தலைமுறையாகத் தறிக்குழியில் கால்வைத்து உழைத்தவர்களின் சொத்து. அதில் ஓரிழை அறுகிறது. நெசவாளரின் கூலியில் குறைத்துக்கொண்ட பணத்தைக் கொண்டு கோபுரத்துக்குக் கலசம் செய்தால், கலசம் ஒளிவீசும். கூலிக்கணக்கு அப்படியே இருக்கும். அப்பணத்தின் முதல் உரிமையாளர் நெசவாளர். அவர் கையில் அதைச் சேர்த்து, ‘குறைத்தது பிழை’ என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டு, பிறகு தம்முடையதிலிருந்து ஒரு பிடி நெல் கொடுத்தாலும் இறைவன் அதை மலையாக ஏற்பான்.

காஞ்சியில் சித்திரகுப்தருக்குத் தனிக் கோயில் இருப்பதை அன்பர்கள் அறிவார்கள். ஒரு கையில் எழுத்தாணி. மறு கையில் ஏடு. சித்திரைப் பௌர்ணமியில் திரளாகச் சென்று வணங்குகிறார்கள். அந்த ஏட்டை எண்ணி அஞ்சுவது ஒரு நிலை. ஆண்டுதோறும் அந்நாளில் தானே ஓர் ஏட்டை எடுத்து, யாருக்கு என்ன கடன், யாரை எந்தச் சொல்லால் சுட்டோம், எந்த வாக்கைத் தவறவிட்டோம் என்று தன் கையாலேயே எழுதிப் பார்ப்பது அதனினும் உயர்ந்த நிலை. தன் கணக்கைத் தானே எழுதியவனுக்குச் சித்திரகுப்தரின் ஏட்டில் புதிதாக அறிய ஒன்றும் இராது.

கும்பாபிஷேகத்தின் உட்பொருள்

இனி, இன்று கண்ட விழாவையே எண்ணிப் பாருங்கள். கோயிலில் பழுது நேர்ந்தது என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். விமானத்தில் விரிசல் இருக்கிறது, சுதை உதிர்கிறது, பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலுள்ள மருந்து தேய்ந்துவிட்டது என்று வெளிப்படக் கூறினார்கள். பாலாலயம் அமைத்தார்கள். மறைந்திருந்த விரிசல்களையெல்லாம் சுரண்டித் திறந்தார்கள். திறந்த பிறகே பூசினார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் இடித்து இளக்கி அஷ்டபந்தனம் சாத்தினார்கள். இத்தனைக்கும் பிறகே கலசநீர் சொரிந்தது. விரிசலின்மேல் வண்ணம் பூசிவிட்டுக் கும்பாபிஷேகம் செய்தோம் என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

ஆலயமே தன் பழுதை உரைத்துப் புதுமை பெறுகிறது. நாள்தோறும் பூசையின் முடிவில் அருச்சகர், மந்திரத்தில், கிரியையில், பக்தியில் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டுகிறார். ஆண்டு முழுதும் வழிபாட்டில் நேர்ந்த குறைகள் நீங்கப் பவித்திரோற்சவம் நடைபெறுகிறது. நூலிழையால் ஆன பவித்திரத்தை இறைவனுக்குச் சாத்துகிறார்கள். வழிபடும் இடத்துக்கே, வழிபாட்டுக்கே இவ்விதி உண்டென்றால், வழிபடுகின்ற மனிதருக்கு மட்டும் விலக்கு உண்டோ?

விழா முடிந்து அன்பர்கள் இல்லம் திரும்புவார்கள். பிரசாதம் கையில் இருக்கும்; கலசநீர் தலையில் உலர்ந்திருக்கும். வழியில் ஏதோ ஒரு வீதியில், ஏதோ ஒரு வாயில் பல ஆண்டுகளாகத் தட்டப்படாமல் இருக்கலாம். உடன்பிறந்தாரின் வீடாக இருக்கலாம். பங்காளியின் வீடாக இருக்கலாம். உழைத்து ஓய்ந்த ஒரு பழைய தொழிலாளியின் குடிசையாக இருக்கலாம். அந்த வாயிலில் நின்று, ‘அன்று நடந்தது என் பிழை’ என்று சொல்ல இன்றைய நாளைவிட நல்ல நாள் வேறில்லை. சொன்ன மாத்திரத்தில் கதவு திறக்காமற் போகலாம். பரவையாரின் கதவும் முதலில் திறக்கவில்லை. ஒரு கண்ணோடு மீதி வழியை நடக்கவேண்டி வரலாம், நம்பியாரூரரும் நடந்தார். அறுந்த இழையை எடுத்துப் பிணைத்தவர் கையில் தறி மீண்டும் ஓடும்.

சுந்தரருக்குக் கண்ணளித்த ஏகம்பவாணனும், தவறிழைத்தாரையும் தாயென ஏற்கும் காமாட்சியன்னையும், அத்திகிரி வரதனும் மெய்யன்பர் அனைவருக்கும் பிழையை உணரும் ஒளியையும், உரைக்கும் துணிவையும், திருத்தும் வலிமையையும் தந்தருள்வார்களாக.

சுபம்.